ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிட்டாரை வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஏழு வாரம், ஒன்பதாயிரம் ரூபாய், ஒரு புது பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்பும் காந்தச் சுருள்), பிரிக்காத ஒரு செட் ஸ்ட்ரிங். இவ்வளவும் போன பிறகு இதை எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர் போட்டால் பேச்சு முழுவதும் கடைக்காரரைச் சுற்றியே போய்விடும், எனக்கு வேண்டியது உங்கள் கருவி தப்பிக்க வேண்டும் என்பது. சென்னையில் இருக்கும் ஒரு கிட்டார் ரிப்பேர் கடை, அவ்வளவு போதும்.

நான் பாளையங்கோட்டை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ், முகூர்த்த நாட்களில் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ். ஆறு வருடம் லாங் ஸ்கேலில்தான் வாசித்தேன், அதாவது நட்டிலிருந்து (தலைப்பக்கம் ஸ்ட்ரிங் படியும் கட்டை) பிரிட்ஜ் (உடல்பக்கம் ஸ்ட்ரிங் முடியும் தகடு) வரை 34 இன்ச். என் சுண்டுவிரல் குட்டை. மூன்று மணி நேரக் கச்சேரி முடியும்போது இடது மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கும். போன வருடம் ஒரு பழைய ஸ்குவையர் பிராங்கோ பேஸ் கிடைத்தது, 30 இன்ச் ஷார்ட் ஸ்கேல், 19 ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்). லாங் ஸ்கேலில் நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் நடுவே சுமார் 48.5 மில்லிமீட்டர் இருக்கும், இதில் 42.8. அரை விரல்கூட இல்லை அந்த வித்தியாசம், ஆனால் கைக்குத் தெரியும். முதல் நாள் வாசித்தபோதே, எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் பல்லவிக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்குமே அந்த நீளமான பேஸ் ஓட்டங்கள், அவற்றை விரல் தாவாமல் வாசிக்க முடிந்தது. அப்போதே இதை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

என்னுடையதில் குறைகள் இருந்தன, அவை எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே இருப்பது ஸ்ட்ராட் கிட்டார் அளவில் ஒரே ஒரு பிக்கப், மேலே கறுப்பு பிளாஸ்டிக் மூடி. பிரிட்ஜில் நான்கு ஸ்ட்ரிங்குக்கு இரண்டே சேடில் (ஸ்ட்ரிங்கைத் தாங்கி அதன் நீளத்தைச் சரிசெய்யும் துண்டு), அதனால் E-க்குச் சரியாக வைத்தால் A கொஞ்சம் பிசகும், A-ஐப் பிடித்தால் E பிசகும். A ஸ்ட்ரிங்கின் மூன்றாவது ஃப்ரெட்டில், அதாவது C ஸ்வரத்தில், பள்ளம் விழுந்திருந்தது. எங்கள் சர்ச்சில் பாதிப் பாட்டு C-யில்தான் பாடுவார்கள், அந்த இடம்தான் அதிகம் தேயும். ஆகவே பிக்கப் மாற்ற வேண்டும், நான்கு சேடில் பிரிட்ஜ் போட வேண்டும், ஃப்ரெட்டைச் சமன் செய்ய வேண்டும், நட் மாற்ற வேண்டும். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் அதே ஸ்ட்ராட் அளவில் ஆல்நிக்கோ காந்தம் வைத்த ஒரு பிக்கப் வாங்கி வந்தான், பெட்டியில் மின்தடை 13 கிலோ ஓம் என்று போட்டிருந்தது. புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் அம்மா ஜெபம் செய்துதான் எடுத்து வைப்பார்கள். அன்றைக்கும் ஜெபித்துவிட்டு, அதன் அடிப்பக்கத்தில் நீல நிறப் பேனாவால் நெல்மணி அளவுக்கு ஒரு சிலுவை வரைந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் பேஸைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "தம்பி, இது சின்னப் பிள்ளைங்க பேஸ்தானே, பத்து நாள்ல முடிச்சுத் தர்றேன்" என்றார். அந்த வார்த்தையிலேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும். பிரிட்ஜ் அவரே போடுவதாகச் சொல்லி 2,800, ஃப்ரெட் வேலை 3,500, நட் 1,200, பிக்கப் மாற்ற 800, கடைசியாக செட்டப் என்று 700. ஐயாயிரம் ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கிறதே தம்பி என்றார். பிக்கப்பையும், ஷார்ட் ஸ்கேலுக்கென்றே வரும் 45-100 தடிமன் ஸ்ட்ரிங் பாக்கெட்டையும் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள் என்றவர் இழுத்து இழுத்து, ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். போனால் இன்னும் ஸ்ட்ரிங் மாட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிறது. கடையில் இருந்த பெரிய ஆம்ப்பில் சொருகி, பேஸ் குமிழை முழுக்கத் திருப்பி, E ஸ்ட்ரிங்கைத் தட்டிக் காட்டினார், தரை அதிர்ந்தது. "எப்டி அடிக்குது பாத்தியா? புது பிக்கப்" என்றார். பழைய பிக்கப்பும் பழைய பிரிட்ஜும் எங்கே அண்ணே என்று கேட்டேன். பழைய பிரிட்ஜை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார், பிக்கப்பைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். மீதி நாலாயிரத்தையும் அனுப்பிவிட்டு எழும்பூருக்கு ஓடினேன்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனை. விடிவதற்கு முன்பே சர்ச் நிறைந்துவிட்டது. பாஸ்டர் ஜெபத்துக்கு எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னபோது என் ஆம்ப்பில் இருந்து ஒரே "ஊ..." என்ற இரைச்சல். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் குறையவேண்டிய இரைச்சல், தொட்டாலும் அப்படியே இருந்தது. வால்யூமை மூடிவிட்டு நின்றேன். பாட்டு தொடங்கியதும் அடுத்த தொல்லை: G ஸ்ட்ரிங்கை அழுத்தினால் அது ஃப்ரெட்போர்டின் ஓரத்தைத் தாண்டி வழுக்கி விழுகிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனால் கீபோர்டோடு சேரவே இல்லை, ஸ்ருதி ஏறி நிற்கிறது. E ஸ்ட்ரிங் திறந்து அடித்தால் மரப்பலகையைத் தட்டிய சத்தம். நான் தப்பாக வாசிக்கிறேன் என்று நினைத்து கீபோர்டு வாசிக்கும் அக்கா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்கள். பல வருடங்களாக அந்த ஆராதனையில் வாசிக்கிறேன், இப்படி ஒரு காலை எனக்கு வந்ததில்லை.

மறுநாள் எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் கிட்டார் அண்ணன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன்பே மல்டிமீட்டரை எடுத்தார். பேஸில் கேபிளைச் சொருகி, வால்யூமையும் டோனையும் முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையில் பிளக்கின் நுனியில் ஒரு முள், தண்டில் ஒரு முள். 5.8 கிலோ ஓம். வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடை) 250 கிலோ ஓம், அது பக்கத்தில் இணையாக இருப்பதால் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அப்படியும் 13 கிலோ ஓம் பிக்கப் என்றால் 12-க்கு மேல் காட்ட வேண்டும் என்றார். அப்புறம் பிக்கப்பைத் தாங்கும் முகப்புத் தகடான பிக்கார்டைக் கழற்றினோம். அடியில் ஒட்டிய சப்பையான செராமிக் காந்தப் பட்டை, அதன்மேல் நாட்பட்ட தூசி, ஒரு மூலையில் துரு. அண்ணன் டார்ச் அடித்தார். நான் சிலுவையைத் தேடினேன், இல்லை. மாற்றவே இல்லை. பழைய பிக்கப்பையே உள்ளே வைத்து மூடியைப் போட்டு, அதற்கு 800 ரூபாய் வாங்கியிருக்கிறார். மூடி போட்ட பிக்கப் என்பதால் மேலே இருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது, அவர் நம்பியது அதைத்தான்.

மற்றவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மூன்றாவது ஃப்ரெட்டில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், C பள்ளம் அப்படியே இருக்கிறது. ஃப்ரெட்டைச் சமன் செய்து, உருட்டி, மெருகேற்றியிருந்தால் அந்தப் பள்ளம் எப்படி மிஞ்சும்? ட்யூனிங் கீயில் சுற்றியிருந்தது நான் கொடுத்த ஸ்ட்ரிங்கே கிடையாது. ஷார்ட் ஸ்கேல் செட்டில் தடித்த சுற்று நட்டைத் தாண்டியதும் முடிந்து மெலிந்துவிடும், மெலிந்த பகுதிதான் கீயில் சுற்றும். இதில் லாங் ஸ்கேல் ஸ்ட்ரிங்கை நடுவில் வெட்டி, தடித்த பகுதியையே கீயில் திணித்திருக்கிறார். வெட்டும் முன் செங்குத்தாக மடக்கவும் இல்லை, அதனால் E-யின் மேல்சுற்று உள்கம்பியை விட்டு நழுவி, வெட்டிய நுனியில் பிரிந்து நிற்கிறது. அந்தச் செத்த சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

பிரிட்ஜ்தான் மனதை மிகவும் வலிக்கச் செய்தது, ஏனென்றால் அது மரத்தில் போட்ட ஓட்டை. 30 இன்ச் என்றால் 762 மில்லிமீட்டர், பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியில், 381-இல் இருக்கும். அங்கிருந்து E-யின் சேடில் வரை 381-க்கு மேல் சில மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும், அழுத்தும்போது ஏறும் ஸ்ருதியை அந்தக் கூடுதல் நீளம்தான் சரிக்கட்டும். அளந்தால், சேடிலைக் கடைசி வரை பின்னே தள்ளியும் 380. போதாததற்குத் தகடு G பக்கமாக மூன்று மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அடியில் எர்த் வயர் ஓட்டைக்குள் மடங்கிக் கிடக்கிறது, தகட்டைத் தொடவே இல்லை. சர்ச்சில் கேட்ட இரைச்சல் தொட்டும் அடங்காததற்குக் காரணம் அந்த ஒரு வயர்.

போன் செய்தேன். ஸ்ருதி சேரவில்லை என்றதற்கு, "தம்பி, ஷார்ட் ஸ்கேல்ல அவ்ளோதான் வரும்" என்றார். E செத்துப் போயிருக்கிறது என்றேன். அதற்கும் அதே பதில். பிக்கப் எங்கே என்று கேட்டேன், சிலுவையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பையன் மாற்றி வைத்திருப்பான், பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து இரண்டாயிரம் ரூபாய் ஜிபேயில் வந்தது, ஒரு வார்த்தை இல்லை. அதன் பிறகு என் நம்பரை எடுப்பதில்லை.

"அவ்ளோதான் வரும்" என்ற அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் புதிதாக வாங்குகிறவர்கள் அதை நம்பிவிடுகிறார்கள். ஃபெண்டரின் 34 இன்ச் பிரெசிஷன் பேஸ் 1951-இல் வந்தது. இரண்டே வருடத்தில், 1953-இல், கிப்சன் விட்ட எலக்ட்ரிக் பேஸ் 30.5 இன்ச். ஜெர்மனியின் ஹாஃப்னர் வயலின் பேஸும் ஷார்ட் ஸ்கேல்தான். ஃபெண்டரே 1966-இல் 30 இன்ச்சில் மஸ்டாங் பேஸ் கொண்டுவந்தது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு மேடையிலும் ஸ்டுடியோவிலும் வாழ்நாள் முழுக்க வாசித்தவர்கள் இருக்கிறார்கள், விளையாட்டுச் சாமான் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உண்மையிலேயே ஷார்ட் ஸ்கேலுக்கென்று உள்ள குணம் ஒன்றுதான்: அதே தடிமன், அதே ஸ்ருதி என்றால் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறையும். அதனால் ஸ்ட்ரிங் கொஞ்சம் தளர்வாக இருக்கும், E-க்கு 105 தடிமன் போட்டால் பிடிப்பு கூடும், ஸ்வரம் உருண்டையாக வரும். ஸ்ருதி சேராமல் போவதற்கும் ஸ்கேலுக்கும் சம்பந்தமே கிடையாது, அது பிரிட்ஜை அளக்காமல் திருகியவரின் தவறு.

எங்கள் தெரு ஆசாரி மாமாதான் பிரிட்ஜைக் காப்பாற்றினார். ஓட்டைகளில் தேக்கு ஆணி செதுக்கி, பசை போட்டு அடித்து இறுக்கி, ஒரு ராத்திரி காயவிட்டார். மறுநாள் நட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் நூலைப் பிடித்து, ஃப்ரெட்போர்டின் இரு பக்கமும் சம இடைவெளி வரும்வரை தகட்டை நகர்த்தி, மூன்று முறை அளந்து பென்சிலால் புள்ளி வைத்துவிட்டுத்தான் துளைபோடும் கருவியைக் கையில் எடுத்தார். அவர் பேஸ் கிட்டாரைத் தொடுவது அதுதான் முதல் தடவை. இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கருவியை வேலைக்குக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து, கொடுக்கும் முன் கேபிள் வழியாக ஓம் அளந்து, மீட்டர் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கும் பாகத்தின் அடியில் ஒரு குறி போடுங்கள். கழற்றிய பழைய பாகம் கைக்கு வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொன்னால் அங்கேயே பிக்கார்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், சில திருகுகள்தான். பிரிட்ஜ் மாற்றினால், 30 இன்ச்சுக்கு அந்த 381-ஐ டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மானிக்கையும் (லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து ஒரு முள்ளை பிரிட்ஜிலும் மற்றதை கேபிள் பிளக்கின் தண்டிலும் வைத்தால் எர்த் இருக்கிறதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். ரயில் நாளன்று மட்டும் வாங்கப் போகாதீர்கள். ஒரு ராத்திரி அதே ஊரில் தங்கி, வாசித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பேஸ் இப்போது நன்றாக இருக்கிறது. ஃப்ளாட்வவுண்ட் (மேல்சுற்று தட்டையான) ஸ்ட்ரிங் போட்டிருக்கிறேன், பிரிட்ஜ் பக்கம் ஸ்ட்ரிங்குக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜில் ஒரு துண்டு, பழைய பிக்கப்பே போதும் என்று தோன்றும் அளவுக்கு வாசிக்கிறது. ஃப்ரெட் வேலை இன்னும் பாக்கி. அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை, புது பிக்கப் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்கள், தலையாட்டிவிட்டேன். ஸ்ட்ராட் அளவில் ஒரு ஆல்நிக்கோ பிக்கப், அடியில் நீலப் பேனாவில் சின்னச் சிலுவையோடு, யாராவது உங்களிடம் பழைய சாமானாக விற்க வந்தால் வாங்கிவிடுங்கள், வாங்கிய விலைக்கே நான் எடுத்துக்கொள்கிறேன்.