ரெமிங்டன் ராண்ட் 1911ஏ1: இடது பக்கத்துக் கீறல்

"சிஎம்பி-யில் 1911 கேட்டு விண்ணப்பம் போடலாமா? நான் சுட்டதுபோக மகனுக்குக் கொடுக்கிற அளவுக்குத் தாங்குமா?" அமெரிக்க ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் கேட்டார். ராணுவத்தின் உபரித் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கும் அமெரிக்க அமைப்புதான் சிஎம்பி; 1911 அந்த ராணுவத்தின் பழைய பிஸ்டல்.

தாங்கும். அமெரிக்க அரசு இதைக் கடைசியாகக் கொள்முதல் செய்தது 1945இல். தட்டச்சு இயந்திரம் செய்த ரெமிங்டன் ராண்ட் கம்பெனி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்த இந்த பிஸ்டல், 230 கிரெய்ன் (சுமார் 15 கிராம்) குண்டுள்ள சாதாரண ரவையை இன்றும் சிக்காமல் சுடுகிறது. எடை ஒரு கிலோவுக்கு மேல் என்பதால் உதை உள்ளங்கையைத் தள்ளுமே தவிர வலிக்காது. குறிமுள் மட்டும் பொடிசு.

எரிச்சலெல்லாம் ஒரே இடத்தில்தான். ஃபிரேமின் (கைப்பிடியோடு சேர்ந்த உடலின்) இடது பக்கம், ஸ்லைடு ஸ்டாப்புக்கு (மேலே முன்பின் ஓடும் ஸ்லைடை நிறுத்தும் நெம்புக்கு) கீழே, பிறை மாதிரி ஒரு கீறல். சாம்பல் நிறப் பார்க்கரைஸ் என்ற துருத்தடுப்புப் பூச்சு உரிந்து வெள்ளை இரும்பு தெரியும். கைமாறி வந்த 1911களில் இதை அடிக்கடி பார்க்கலாம். போரில் விழுந்த தழும்பு என்று பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார்கள். பிரித்து மாட்டத் தெரியாமல் விழுந்த கீறல் அது.

காரணம் எளிது. ஸ்லைடு ஸ்டாப்பைத் திரும்ப மாட்டும்போது, சிறு குழாயிலிருந்து ஸ்பிரிங் வைத்த ஒரு முனை நீட்டிக்கொண்டு வழியை மறிக்கும். நெம்பை ஃபிரேமோடு அழுத்தி மேலே தள்ளினால் அதன் விளிம்பு இரும்பை உழுதுவிடும். செய்ய வேண்டியது இது. மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் ரவை நிற்கும் அறை காலி என்று கண்ணால் பாருங்கள். இடது ஃபிரேமில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஸ்லைடு ஸ்டாப்பின் ஊசியை பேரல் லிங்க் (குழலின் அடியில் உள்ள சிறு இணைப்புத் துண்டு) துளை வழியாகச் செலுத்தி, நெம்பு ஃபிரேமைத் தொடாமல் சற்று வெளியே நிற்கட்டும். ஸ்லைடிலுள்ள சிறிய அரைவட்ட வெட்டு நெம்புக்கு நேராக வந்ததும், பல்குச்சியால் அந்த முனையை உள்ளே தள்ளிப் பிடித்து, நெம்பை நேராக அழுத்துங்கள். 'டிக்' என்று உட்காரும். பலம் தேவைப்பட்டால் ஏதோ நேராக இல்லை என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள்.

கீறலை மறைக்க பாலிஷ் போட்டுப் புதுப்பூச்சு ஏற்றுவது அதைவிடப் பெரிய அநியாயம். பிஸ்டலைச் சோதித்த ஆய்வாளர் பெயரின் முதலெழுத்துகளான எஃப்ஜேஏ முத்திரையின் விளிம்பு மழுங்கிவிடும். கீறலோடு இருப்பதற்குள்ள மதிப்பு பளபளப்புக்குக் கிடையாது.

இன்னும் மூன்று விஷயம். ரவையை நேராக அறையில் போட்டு ஸ்லைடை அறைந்து மூடாதீர்கள். மேகசினிலிருந்து ஏறும் ரவைதான் எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும்) கொக்கிக்குக் கீழே வழுக்கிப் போகும். அறையில் ஏற்கெனவே இருக்கும் ரவையின் விளிம்பில் மோதினால் கொக்கி தளரும், உடையவும் செய்யும். போர்க்கால ஸ்லைடு முழுக்கப் பதம் பிடித்ததும் அல்ல, ஆகவே அதிக அழுத்த ரவை வேண்டவே வேண்டாம். அப்பாவின் தோல் உறையிலேயே வைத்துப் பூட்டுவதும் கூடாது. பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவேற்றும். உறை தனியே, எண்ணெய் துடைத்த பிஸ்டல் தனியே.

2018இல் சிஎம்பி-யின் முதல் சுற்று விற்பனையில் தரத்துக்கு ஏற்ற விலை, சர்வீஸ் தரம் 1,050 டாலர், ஃபீல்ட் 950, ரேக் 850. ஆயுதசாலையில் புதுப்பித்து வந்தவை நிறைய. ஃபிரேம் ஒரு கம்பெனி, ஸ்லைடு இன்னொன்று என்றிருந்தால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், அது சேவையின் அடையாளம். விற்பனை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மகன் வேறு மாநிலத்தில் இருந்தால், உயிரோடு இருக்கும்போது கொடுப்பது உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான். உயில் வழியாகப் போனால் ஃபெடரல் சட்டம் அதைக் கேட்பதில்லை. மாநிலச் சட்டம் வேறு, அதைத் தனியே விசாரியுங்கள்.

இவ்வளவு புகழ்ந்தும், வாரம் தவறாமல் சுடப்போகிறவர் என்றால் இதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இன்று தயாராகும் புது 1911 ஒன்றை வாங்கிச் சுடுங்கள். ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருக்கிறதா? விற்காதீர்கள். மகனிடம் கொடுக்கிற அன்று டேப் சுருளையும் பல்குச்சியையும் கூடவே கொடுத்து, பத்து முறை கழற்றி மாட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.