அரும்பாவூர் வேணுகோபாலன்: வீட்டுக்கு வாங்கிய ஒரு மரச்சிலையைப் பற்றி

அரும்பாவூர்ப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்து வாங்கிய இரண்டடி உயர வேணுகோபாலன் சிலை, ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் எங்கள் சென்னை வீட்டுக் கூடத்தில் கழித்துவிட்டது. வாகை மரம், எடை ஏழு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல், விலை 16,000 ரூபாய். இப்படிப்பட்ட ஒன்றை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாக வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் மரச்சிலை விற்பவர்கள் முதலில் எடுத்துச் சொல்லும் காரணத்துக்காக அல்ல. ‘ஒரே கட்டையில் செய்தது, ஒட்டே கிடையாது’ என்பதுதான் இந்தத் தொழிலில் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் வாசகம். இந்தச் சிலையிலோ, எந்த இடத்தில் ஒட்டு வேண்டும் என்று சிற்பிக்குத் தெரிந்திருந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அரும்பாவூர், பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலையை ஒட்டியிருக்கும் பேரூராட்சி. கோயில் தேர்களுக்குச் சிற்பம் செதுக்கிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் இங்கே வீட்டுப் பூசையறைக்கும் வரவேற்பறைக்கும் ஏற்ற சிலைகளைச் செய்து வருகிறார்கள். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020ஆம் ஆண்டில், தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுடன் சேர்ந்து, புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் அந்தக் குறியீட்டைப் பெற்றது. குறியீட்டுக்குப் பிறகு ஊரின் பெயர் பரவியிருப்பது நல்லதே. ஆனால் அது தொழிலுக்கும் ஊருக்கும் கிடைத்த அங்கீகாரம்; நம் கையில் இருக்கும் சிலையின் தரத்துக்கு யாரும் கொடுத்த சான்றிதழ் அல்ல என்பதை வாங்குகிறவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே தெருவில் அடுத்தடுத்த பட்டறைகளில் அருமையான வேலையும் இருக்கும், அவசர வேலையும் இருக்கும்.

இனி அந்த ஒட்டின் விஷயத்துக்கு வருகிறேன். மரத்தின் ரேகை எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் அதன் வலிமையும் இருக்கும். விறகு பிளந்து பார்த்தவர் யாருக்கும் இது தெரியும். நிற்கும் சிலைக்குக் கட்டையை நிமிர்த்தி வைத்துத்தான் செதுக்குவார்கள் என்பதால் ரேகை பாதத்திலிருந்து முடி வரை செங்குத்தாக ஓடும். உடலுக்கும் கால்களுக்கும் அது மிகப் பொருத்தமானது. ஆனால் கண்ணன் கையிலுள்ள குழல் கிடையாக நீள்கிறது. அதையும் அதே கட்டையிலிருந்து எடுத்தால், சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு கோலில் ரேகை குறுக்காக விழும். துடைக்கும் துணி மாட்டி இழுத்தாலே முறிந்துபோகும் அளவுக்கு அது பலவீனமாக இருக்கும். முறிந்த குழலைப் பசை போட்டு ஒட்டிவைத்திருக்கும் வேணுகோபாலன்களை நான் கடைகளிலேயே பார்த்திருக்கிறேன்.

இந்தச் சிலையில் குழல் தனி. ரேகை நீளவாக்கில் ஓடும்படி வேறொரு துண்டில் கடைந்து, இரு கைகளின் விரல் வளைவுக்குள்ளும் துளை எடுத்து, வலப்புறத்திலிருந்து செருகியிருக்கிறார் சிற்பி. பசை இல்லை. வேண்டும்போது மெல்லத் திருகி வெளியே எடுக்கலாம். வீடு மாறும்போது தனியாகப் பொதிந்து கொண்டுபோகலாம். விரல்களுக்குக் கீழே குழல் நுழையும் இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளிகூடத் தெரியவில்லை. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து இறுகியபோது எடுக்கக் கொஞ்சம் அடம்பிடித்தது. கோடையில் தானாகத் தளர்ந்தது. குழலைத் தவிர மற்ற எல்லாம், காலடியில் தலையை உயர்த்திப் பார்க்கும் கன்றுக்குட்டி உட்பட, ஒரே கட்டை. எனவே விற்பவரிடம் ‘ஒட்டு இருக்கிறதா’ என்று கேட்பதைவிட, ‘ஒட்டு எங்கே, ஏன்’ என்று கேட்பது பயன் தரும். சரியாகப் பதில் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் சிலையைச் செய்தவராகவே இருப்பார்.

அடுத்து, சிலையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பீடத்தின் அடியில் மரத்தின் வெட்டுவாய் தெரியும். வாகையில் வளைகோடுகள், அதாவது மரம் வளர்ந்த வளையங்கள், மங்கலாகத்தான் இருக்கும் என்றாலும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அவற்றின் மையம் எங்கே விழுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். காயும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளைகோட்டின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வால்தான் மையத்திலிருந்து வெளியே ஓடும் வெடிப்புகள் உண்டாகின்றன. அடிமரத்தின் மையத்தையே நடுவில் வைத்துச் செதுக்கிய சிலை, என்ன பாலிஷ் போட்டாலும், பெரும்பாலும் என்றாவது ஒருநாள் வெடிக்கும். அந்த வெடிப்பு மார்பிலோ முகத்திலோ ஏறிவிட்டால் பார்க்கவே மனம் கூசும். எங்கள் சிலையில் மையம் கட்டைக்கு வெளியே, பின்பக்கத்தைத் தாண்டி விழும்படி பெரிய மரத்தைப் பிளந்து எடுத்திருக்கிறார்கள். அப்படியும் கோடையில், குளிர்சாதனம் ஓடும் கூடத்தில் வைத்த பிறகு, பீடத்தின் பின்புறம் ஒரு விரல் நீளத்துக்கு மயிர்க்கோடு போல ஒரு கீறல் தோன்றியது. பட்டறையில் விசாரித்தபோது, உடனே எதையும் வைத்து அடைக்காமல் மழைக்காலம் வரை விட்டுவிடும்படி சொன்னார்கள். சொன்னபடியே அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடிக்கொண்டது. காய்ந்திருந்த நாளில் அடைத்திருந்தால், மரம் திரும்ப விரிய இடமில்லாமல் வேறோர் இடத்தில் வெடித்திருக்கலாம்.

வேலைப்பாட்டைப் பொறுத்தவரை, சிலை சிற்ப அளவுக்குள் நிற்கிறது. முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு உடலை அளப்பது மரபு. தெய்வ உருவங்களுக்கு நவதாலமும் அதற்கு மேற்பட்ட அளவுகளும், பிள்ளையாருக்குப் பஞ்சதாலமும் வழக்கில் உள்ளன. நூல் பிடித்து அளந்து பார்த்ததில் இந்தக் கண்ணனின் முகம் 2 அங்குலம், உடல் இடுப்பு வளைவையும் கணக்கில் சேர்த்தால் 18 அங்குலத்தை ஒட்டி வருகிறது. மீதமுள்ள உயரத்தைத் தாமரைப் பீடமும் முடிக்கொண்டையும் பகிர்ந்துகொள்கின்றன. அளவு தெரியாமல் பார்ப்பவருக்கும் அதன் பலன் தெரியும். திரிபங்கமாக மூன்று இடத்தில் வளைந்து, வலக்காலை இடக்காலுக்குக் குறுக்கே வைத்து நிற்கும் உருவம், விழுந்துவிடுமோ என்ற எண்ணத்தை எழுப்பவே இல்லை. தலையின் மையத்திலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால் அது ஊன்றிய இடக்காலின் குதிகாலுக்கு அருகில் வந்து நிற்கிறது.

முகம் கடைகளில் அடிக்கடி காணும் பொம்மை முகம் அல்ல. குழல் ஊதுகிறவரின் கீழுதடு சற்று முன்னே வந்து, கன்னம் மிக இலேசாக உள்வாங்கியிருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் இது புலப்படும். கழுத்து மாலையின் மணிகள் ஒரே அச்சில் வார்த்தவை போல் இல்லாமல் ஒவ்வொன்றும் மிகச் சிறிதளவு வேறுபடுகின்றன. பின்புறத்தையும் சும்மா விடவில்லை. பீதாம்பரத்தின் கச்சம் முதுகுப் பக்கம் செருகப்பட்டிருக்கும் விதத்தை மடிப்பு மடிப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். சுவரோடு ஒட்டி வைக்கும் சிலைக்கு இது தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். ஆனால் பின்புறத்தை மொழுக்கென்று விட்டுவிடும் பட்டறை முன்புறத்திலும் எங்கோ ஓரிடத்தில் கைவிட்டிருக்கும் என்பது என் அனுபவம்.

குறைகள் இல்லாமல் இல்லை. இடக்காலின் விரல்கள் ஐந்தும் ஒரே நீளத்தில், கோடு கிழித்துப் பிரித்தது போல் இருக்கின்றன. முகத்துக்குச் செலவிட்ட பொறுமை அங்கே தீர்ந்துபோயிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை பாலிஷ். கருஞ்சிவப்புச் சாயம் கலந்து இரண்டு மூன்று பூச்சு ஏற்றியதில், மரத்தின் சொந்த நிறமான தேன் கலந்த பழுப்பு மறைந்துவிட்டது. இடக்கண்ணின் கடைக்கோடியில் பாலிஷ் வழிந்து தேங்கி உறைந்திருப்பதால், உளி கூர்மையாக முடித்திருந்த அந்த மூலை மழுங்கித் தெரிகிறது. நான் சொல்லியிருந்தால் வெறும் மெழுகு தேய்த்துக் கொடுத்திருப்பார்கள். பூச்சுக்கு முன்பாகச் சிலையின் படத்தை அனுப்பச் சொல்வது இரண்டு வகையில் நல்லது: நிறத்தை நாம் தீர்மானிக்கலாம், வைரம் ஏறாத, அதாவது உள்மரத்தின் கடினம் வராத, வெளிறிய புறப்பகுதி எவ்வளவு இருக்கிறது, எங்கே மக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

அந்த வெளிறிய பகுதியைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வண்டு விழுவது பெரும்பாலும் அதில்தான். அதிலுள்ள மாவுச்சத்து அதற்கு உணவு. என் உறவினர் ஒருவர் இணையத்தில் ‘தேக்கு’ என்று வாங்கிய இலட்சுமி சிலையின் அடியில் தினமும் காலையில் மாவு போன்ற தூள் கொட்டிக்கிடக்கும். திருப்பிப் பார்த்தபோது பீடத்தில் ஊசி குத்தியது போன்ற வட்டத் துளைகள் இருந்தன. தேக்காகவே இருந்தாலும் அதன் புறப்பகுதி உளுக்கக்கூடியதுதான். மரத்தின் பெயர் மட்டும் காப்பாற்றாது. போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த நீரில் பதப்படுத்திக் காயவைத்த கட்டையா என்று பட்டறையில் கேளுங்கள். ‘சந்தனம்’ என்று குறைந்த விலைக்கு வருபவற்றில் வேறு மரத்தில் எண்ணெய் தடவியவையே மிகுதி என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

கையால் செதுக்கியதா, கணினி இயக்கும் சிஎன்சி எந்திரம் குடைந்ததா என்ற சந்தேகமும் இப்போது அவசியமாகிவிட்டது. எந்திரத்தில் செய்தது தவறில்லை. கைவேலையின் விலைக்கு அதை விற்பதுதான் தவறு. விலை குறைந்த எந்திரங்களில் சுழலும் முனை மேலிருந்து கீழே இறங்கித்தான் குடையும் என்பதால், மாலைக்குப் பின்னே, காதுக்குப் பின்னே, குழலுக்கும் கன்னத்துக்கும் இடையே உள்ள மறைவிடங்களை அதனால் எட்ட முடியாது. அந்த இடங்கள் அடைபட்டுச் சுவர் போல் நிற்கும். எங்கள் சிலையில் மாலைக்கும் மார்புக்கும் இடையே ஒரு நூலைக் கோத்து இழுக்க முடிகிறது. உள்ளே விரல் படாத இடத்தில் சிறு உளியின் தடங்களும் அப்படியே இருக்கின்றன. கட்டையை அறுப்பதற்கும் மேலோட்டமாகக் கழிப்பதற்கும் மின்வாள் பயன்படுத்துவதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு உளியும் கொட்டாப்புளியும் என்ன செய்தன என்பதே கேள்வி.

பராமரிப்பில் பெரிய சிரமம் இல்லை. மரத்தாலும் சுதையாலும் ஆன மூலவர்களுக்குக் கோயில்களிலேயே நீர் அபிஷேகம் செய்யாமல் தைலக்காப்பு சாத்துவது வழக்கம். காஞ்சிபுரத்தில் 40 ஆண்டுக்கு ஒருமுறை, கடைசியாக 2019இல், வெளியே எழுந்தருளிய அத்திவரதர் இத்தனை காலமும் குளத்து நீருக்குள்தானே இருக்கிறார் என்று சிலர் கேட்பார்கள். முழுக்க நீருக்குள்ளேயே இருக்கும் மரத்துக்குக் காற்று எட்டாது. வாரம் ஒருமுறை நனைந்து காயும் வீட்டுச் சிலையின் நிலை அதற்கு நேர்மாறானது. ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் மரத்தின்மீது நேரடியாக இட்டால் கறை போகாது. பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஒட்டும் பொட்டை வைக்கலாம். விளக்கின் புகை நேராக முகத்தில் படாத தொலைவு, ஓவியர்கள் பயன்படுத்தும் மென்மையான தூரிகையால் தூசி தட்டுதல், குளிர்சாதனக் காற்றும் வெயிலும் நேரே விழாத இடம், இவ்வளவே போதும்.

நேரில் போக முடியாதவர்கள் முதலில் தமிழக அரசின் பூம்புகார் விற்பனை நிலையம் ஏதாவது ஒன்றுக்குப் போய், பல ஊர்ச் சிலைகளையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. பட்டறையில் சொல்லிச் செய்தால் விலை குறையலாம். ஆனால் காய்ந்த கட்டை கையிருப்பில் இல்லையென்றால் காத்திருக்கத்தான் வேண்டும், அவசரப்படுத்தினால் ஈரக் கட்டைதான் சிலையாகி வரும். இரசீது கேட்டு வாங்குங்கள். மரம், கல், பளிங்கு ஆகியவற்றால் ஆன தெய்வச் சிலைகளுக்கு 2018 ஜூலையில் ஜிஎஸ்டி முற்றிலும் விலக்கப்பட்டது. ஆகவே கண்ணனுக்கு வரி போட்டிருந்தால் காரணம் கேட்கலாம். கன்றுக்குட்டியை மட்டும் தனியே செதுக்கி வாங்குவதானால், அது தெய்வம் என்று வாதிட்டு விலக்குக் கேட்பது கடினம்.