வால்வு இல்லாத டிரம்பெட்டும் நான்கு வளைகுழாய்களும்: ஆறு மாதத்துக்குப் பின்

சுங்கை சிப்பூட்டில் பழைய கடைவீட்டு மாடியில் இயங்கும் ஓர் இசைக்கருவிக் கடை வழியாக, வால்வு (விரலால் அழுத்திச் சுரம் மாற்றும் விசை) இல்லாத டிரம்பெட் ஒன்றையும், அதன் நீளத்தைக் கூட்டிச் சுருதியை இறக்கக் கழற்றி மாட்டும் நான்கு வளைகுழாய்களையும் வரவழைத்து ஆறு மாதமாக வாசித்து வருகிறேன். கருவியின் உடல் எஃப் சுருதிக்கு உரியது, ஏறத்தாழ 6 அடி. நீளமான வளைகுழாயை மாட்ட மாட்டச் சுருதி இறங்கும்: இ ஃப்ளாட், டி, சி, முடிவில் 9 அடி அளவில் பி ஃப்ளாட். தோட்டத்துக் கோயிலில் நாகசுரம் வாசிக்கும் பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “குட்டைத் திமிரிக்கும் நெட்டைப் பாரிக்கும் உள்ள வித்தியாசந்தான் தம்பி, நாங்க வேற குழல எடுப்போம், நீ மாட்டிக் கழட்டுற” என்றார்.

பரோக் காலத்து (ஏறத்தாழ 1600–1750) டிரம்பெட் இசையில் பெரும்பகுதி டி, சி சுருதிகளிலேயே அமைந்தது. அவ்விரு குழாய்களிலும் குறையில்லை. இ ஃப்ளாட் குழாயின் மூட்டில்தான் காற்றுக் கசிகிறது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1723இல் இ ஃப்ளாட்டில் எழுதி, பின்னர் டி-க்கு மாற்றிய ‘மக்னிஃபிகாட்’ என்ற குழுப்பாடல் படைப்பின் தொடக்கத்தை வாசித்தபோது சுரங்கள் நடுங்கின, மெழுகு தடவிய நூலைச் சுற்றிய பிறகே அடங்கின. கடையில் முறையிட்டு இரண்டு மாதமாகிறது. மாற்றுக் குழாய் இன்னும் வரவில்லை.

பி ஃப்ளாட் குழாய்க்காகவே இதை மீண்டும் வாங்குவேன். இன்றைய வால்வு டிரம்பெட்டும் பி ஃப்ளாட்தான், ஆனால் அதன் குழாய் இதில் பாதி நீளமே. ஆகையால் அதில் அடுத்தடுத்த சுரங்களுக்கிடையே இருக்கும் இடைவெளி இங்கே நெருங்கிவிடுகிறது, உதடு சற்றுத் தவறினாலும் பக்கத்துச் சுரம் ஒலிக்கிறது. அந்தச் சிரமத்துக்கு ஈடாக, ஹைடனின் 98ஆம், 102ஆம் சிம்பொனிகளில் டிம்பனி முரசுகளோடு சேர்ந்து முழங்கும்போது வால்வுக் கருவியில் கிடைக்காத கனத்த, சற்றே இருண்ட ஒலி கிடைக்கிறது.

ஏ சுருதிக் குழாய் இல்லையே என வருந்த வேண்டாம். பேத்தோவன் தம் 7ஆம் சிம்பொனியை ஏ மேஜரில் அமைத்தும், டிரம்பெட்டை டி-யிலேயே எழுதினார். வால்வில்லாத டிரம்பெட் தன் குழாய்க்கு இயல்பான சில சுரங்களையே தரும். அதனால் ஏ மேஜரின் மூன்றாம் சுரமான சி ஷார்ப், தாழ்ந்த, நடு நிலைகளில் அக்கருவிக்கு எட்டாது.

வளைகுழாயின்றி எஃப்-இல் பாக்கின் 2ஆம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவையும் முயன்றேன். அங்கே தோற்றது என் உதடு, கருவியன்று.