டின்னிடஸ் மாஸ்கர்: இரைச்சல் அடங்குகிறது, பேச்சு புரிகிறதா?

டின்னிடஸ் என்பது வெளியே சத்தம் இல்லாமலே காதில் கேட்கும் இரைச்சல். மாஸ்கர் என்பது வேறொரு ஒலியைக் காதில் விட்டு அதை மறைக்கும் கருவி. அதை வாங்க நினைப்பவர்கள் "காது இரைச்சல் போகுமா?" என்றுதான் கேட்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேசுவது புரியுமா என்றும் கேளுங்கள். பல வருடங்களாக மாட்டியிருக்கிறவன் சொல்கிறேன்.

என்னுடையது ஹியரிங் எய்டும் மாஸ்கரும் சேர்ந்த வகை. தனியாகப் படிக்கும்போதும் தூக்கம் வராத இரவுகளிலும் குறையே இல்லை. சிக்கல் பேச்சில்தான். உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. அவை எப்படியும் கேட்டுவிடும். ச, ஸ, ஃப மாதிரியான மெல்லிய ஒலிகள் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் அதிகம். மாஸ்கர் தரும் வைட் நாய்ஸ் (ஸ்ஸ் என்ற சீரான சத்தம்) எல்லா அதிர்வெண்ணிலும் பரவியிருப்பதால் முதலில் மூழ்குவது இவைதான். என்னைப் போல உயர் அதிர்வெண் கேட்கும் திறனும் குறைந்திருந்தால் இரட்டை அடி. பேசுகிறார் என்று தெரியும், கடையா தடையா படையா என்று தெரியாது! அமைதியான அறையில் முகம் பார்த்துப் பேசினால் சமாளிக்கலாம். போனிலும் நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்திலும் கஷ்டம்.

எல்லாம் வால்யூமைப் பொறுத்தது. இரைச்சலை முழுதாக மூடும் அளவுக்கு வைத்தால் பேச்சும் கூடவே போகும். யாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் உருவாக்கிய டிஆர்டி (டின்னிடஸைக் கண்டுகொள்ளாமல் இருக்க மூளையைப் பழக்கும் சிகிச்சை) முறையில், டின்னிடஸ் லேசாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்படிதான் வைக்கச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் "இதற்கா இவ்வளவு செலவு?" என்று எரிச்சல் வரும். மாதங்கள் போகப் போக மனம் அதைக் கண்டுகொள்வதில்லை. பேச்சும் தப்பிக்கிறது.

மாஸ்கரில் கடல் அலைச் சத்தம் வைப்பது பலருக்குப் பிடிக்கும். எனக்குப் பேசும் நேரத்தில் ஆகாது. அலை எழும்போதெல்லாம் ஒரு வார்த்தை காணாமல் போகிறது. காதை அடைக்காத திறந்த டோம் (காதுக்குள் போகும் மென்மையான நுனி) நல்லது என்பேன், வெளிக்குரல் இயல்பாக உள்ளே வரும். ஆனால் கேட்கும் குறை அதிகம் என்றால் அது ஒத்துவராது.

சரி, பேசும்போது மாஸ்கரை அணைத்துவிட்டால்? கூட்டத்தில் நான் அதைத்தான் செய்கிறேன். ஹியரிங் எய்ட் மட்டும் போதும், சுற்றியிருக்கும் பேச்சே இரைச்சலை ஓரளவு மறைத்துவிடும். ஆனால் நிசப்தமான அறையில் ஒருவரோடு மட்டும் பேசும்போது முழுதாக அணைத்தால் என் கவனம் ரீங்காரத்தின் பின்னால் போய்விடுகிறது. அங்கே மெல்லிய ஒலி இருப்பதே மேல்.

அதனால் ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) இரண்டு புரோகிராம் போட்டுத்தரச் சொல்லுங்கள்: மாஸ்கரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. அப்புறம், பேச்சுப் புரிதல் சோதனையை மாஸ்கர் ஓடும்போதும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். நாமாகக் கேட்காவிட்டால் அதை யாரும் செய்வதாகத் தெரியவில்லை.