பிரெஞ்சா, காரோ-கானா: வன்னி மாணவர் கறுப்பில் எதை ஆடுவது?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளில் சதுரங்கம் பழகும் மாணவருக்கு, வெள்ளை காலாளை ஈ4 கட்டத்துக்கு நகர்த்தித் தொடங்கும்போது (எழுத்து செங்குத்து வரிசையையும் எண் கிடை வரிசையையும் குறிக்கும்), கறுப்பு ஈ6 ஆடும் பிரெஞ்சுத் தற்காப்பும் சி6 ஆடும் காரோ-கான் தற்காப்பும் இரண்டு நல்ல தேர்வுகள். இரண்டுமே அடுத்த நகர்வில் டி5 ஆடி மையத்தைத் தாக்குவன. பிரெஞ்சில் ஈ6 காலாள் சி8 மந்திரியின் வழியை அடைத்துவிடுவதால், அம்மந்திரி நடு ஆட்டம் வரையிலும் முடங்கிக் கிடக்கலாம்; காரோ-கானிலோ பெரும்பாலும் அது எஃப்5இற்கு வந்த பின்னரே ஈ6 ஆடப்படுகிறது.

இதனை மட்டும் பார்த்துக் காரோ-கானே மேல் என்று சொல்லிவிட முடியாது. வெள்ளை ஈ5 என்று முன்னேறினால், பிரெஞ்சில் சி5 தாக்குதல் ஒரே நகர்வில் வந்துவிடும். காரோ-கானில் சி6இல் நிற்கும் காலாளை மறுபடியும் நகர்த்த வேண்டியிருப்பதால் ஒரு நகர்வு வீணாகிறது. மேலும், வெளியே வந்த மந்திரியே குறியாகிறது. மந்திரி எஃப்5இல் நிற்கையில் வெள்ளை எச்4 ஆட, கறுப்பு யோசியாமல் ஈ6 ஆடினால், ஜி4, மந்திரி ஈ4, எஃப்3, மந்திரி ஜி6, எச்5 என்ற வரிசையில் மந்திரி சிக்கிவிடும். எச்4இற்கு எச்5 என்று பதிலளிப்பது ஒரு நல்ல மாற்று என்பதை முன்பே படித்திராத மாணவர், பலகையில் அதனைக் கண்டுபிடிப்பது கடினம்.

பெரிய ஆட்டக்காரரும் இவ்விரண்டுக்கும் இடையே மாறியிருக்கிறார்கள். 1960 உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் மிகைல் தாலிடம் பிரெஞ்சில் தோற்ற அப்போதைய உலக வாகையர் பொத்வின்னிக், அத்தொடரிலேயே காரோ-கானுக்கு மாறினார். மறுபுறம், 2024 நவம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் சென்னையின் குகேசுக்கு எதிரான முதல் ஆட்டத்தை அப்போதைய உலக வாகையர், சீனாவின் டிங் லிரென் பிரெஞ்சினாலேயே வென்றார்.

நிரந்தரப் பயிற்றுநர் இல்லாமல் தமக்குள் ஆடியே பழகும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சையே நான் பரிந்துரைப்பேன். சி5, குதிரை சி6, அரசி பி6 என எல்லாமே வெள்ளையின் டி4 காலாளை நோக்கிச் செல்வதால், நகர்வு மறந்தாலும் திட்டம் மறக்காது. நெருக்கடியும் மெல்லவே வருவதால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆனால் வெள்ளை டி5இல் காலாளை வெட்டி மாற்றிக்கொண்டால், பிரெஞ்சில் இரு பக்கமும் ஒரே அமைப்பாகி வெல்வது சிரமமாகும். வெற்றி கட்டாயமான கடைசிச் சுற்றுக்கு, காலாள் அமைப்பு சமச்சீராக மாறாத காரோ-கானை மூத்த மாணவர் இரண்டாவதாகக் கற்றுவைப்பது நல்லது.