கை இல்லாத சண்டை: இரண்டு வீட்டு ஃபைனல் ஃபைட்கள்

நம் ஊர் வீடியோ கேம் கடையில் 'முஸ்தபா' (Cadillacs and Dinosaurs) போடச் சொல்லி ஆடியவர்களுக்கு இந்த வகை ஆட்டத்தை விளக்க வேண்டியதில்லை. இடமிருந்து வலமாக நடக்க வேண்டும். ரவுடிகள் கும்பலாக வருவார்கள், அடிக்க வேண்டும். டிரம்மை உடைத்தால் உள்ளே முழுக்கோழி இருக்கும், எடுத்தால் உயிர் ஏறும். அந்த முஸ்தபாவுக்கு அண்ணன், அதே கேப்காம் நிறுவனம் 1989இல் ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் கடை மெஷினில், இறக்கிய ஃபைனல் ஃபைட். மெட்ரோ சிட்டி மேயர் ஹாகரின் மகளை மேட் கியர் கும்பல் கடத்திவிடும். மேயர், மகளின் காதலன் கோடி (Cody), நின்ஜா சண்டைக் கலையான நின்ஜுட்சு தெரிந்த கை (Guy) ஆகிய மூவரில் யாரையாவது தேர்ந்தெடுத்து, நண்பனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஆறு கட்டங்களை அடித்துத் தாண்ட வேண்டும்.

இதை வீட்டுக்குக் கொண்டுவந்தவற்றில் இரண்டை மட்டும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். ஒன்று, டிவியில் இணைத்து ஆடும் கன்சோலான சூப்பர் நின்டெண்டோவுக்கு 1990 டிசம்பரில் ஜப்பானில் வந்த பதிப்பு. மற்றது, 1993இல் சேகா தானே உரிமம் வாங்கி, தன் மெகா டிரைவ் கன்சோலோடு பூட்டும் சிடி துணைக்கருவியான சேகா சிடிக்குச் செய்த பதிப்பு.

நிறுத்தி வைத்த படத்தை மட்டும் பார்த்தால் சூப்பர் நின்டெண்டோவுக்குத்தான் ஓட்டு விழும். உருவங்கள் பெரியவை, நிறங்கள் ஆர்கேடுக்கு நெருக்கமானவை, ஹாகரின் மீசை கூடத் தெளிவு. கன்சோல் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு இந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தவர்கள் ஆர்கேடே வீட்டுக்கு வந்துவிட்டது என்று நம்பியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆடத் தொடங்கினால்தான் வண்டவாளம் தெரியும். முதலில், கை இல்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் திரையில் இருவர்தான். அப்புறம், நான்காவது கட்டமான தொழிற்சாலைப் பகுதி இல்லை. அந்தக் கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸ் ரொலென்டோவும் இல்லை. இதற்கெல்லாம் மேல், இரண்டு பேர் சேர்ந்து ஆட வழியே இல்லை. இந்த வகை ஆட்டத்தைத் தனியாக ஆடுவது கேரம் போர்டில் தனியாகக் காய் அடிப்பது போல. முடியும், ஆனால் எதற்கு?

இவற்றைவிட என்னை உறுத்துவது கும்பல்தான். ஆர்கேடில் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். சூப்பர் நின்டெண்டோவில் ஒரே நேரத்தில் மூன்று எதிரிகளுக்கு மேல் வருவதில்லை. எண்ணிக்கைதானே என்று விட முடியாது, ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒருவனைப் பிடித்துத் தூக்கி எறிந்தால், அவன் போய் விழும் வழியில் நிற்கிறவர்களும் சேர்ந்து சாய்வார்கள். ஆறு பேர் நெருங்கும்போது எவனைப் பிடிப்பது, எந்தப் பக்கம் எறிவது என்று ஒரு நொடியில் முடிவெடுப்பதுதான் ஆட்டம். அதேபோல, அடியையும் தாவலையும் சேர்த்து அழுத்தினால் சுற்றிலும் இருப்பவர்களை வீழ்த்தும் சுழல் அடி ஒன்று உண்டு. அது பட்டால் நம் உயிரிலும் கொஞ்சம் குறையும். வேறு வழியில்லாமல் சிக்கிக்கொண்டவனுக்கு வைத்த விலை அது. மூன்றே பேர் வரும் தெருவில் அந்த விலையைக் கொடுக்க வேண்டிய நெருக்கடி அபூர்வமாகத்தான் வரும். அதே பொத்தான், அதே அடி, ஆனால் வேறு ஆட்டம்.

இதற்குக் காரணம் உண்டு. சூப்பர் நின்டெண்டோ திரையில் ஒரு கிடைமட்ட வரிசையில் காட்டக்கூடிய ஸ்ப்ரைட்டுகளின் (நகரும் உருவப் படங்களின்) அகலம் மொத்தம் 272 புள்ளிகள்தான். பறந்து சுடும் ஆட்டத்தில் எதிரிகள் மேலும் கீழுமாகச் சிதறி இருப்பார்கள், சமாளிக்கலாம். தெருச் சண்டையில் எல்லோரும் ஒரே தரையில், ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஹாகரும் ஆண்டோர் என்ற பூதாகர ரவுடிகள் இரண்டு மூன்று பேரும் நின்றாலே வரிசை நிறைந்துவிடும். ஆட்டம் பதிந்திருக்கும் கார்ட்ரிட்ஜும் 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட். ஒரு முழு நாயகனையும் ஒரு கட்டத்தையும் வெட்டினால் இடம் மிச்சம். சரி, புரிகிறது. ஆனால் இரண்டு பேர் ஆடுவதை மெஷினின் தலையில் மட்டும் போட முடியாது. 1993இல் அதே கன்சோலுக்கு வந்த ஃபைனல் ஃபைட் 2இல் இரண்டு பேர் ஆடலாம். முதல் பதிப்பை அவசரத்தில் இறக்கினார்கள் என்பது என் ஊகம்.

அமெரிக்கப் பதிப்பில் தணிக்கை வேறு. பாய்சன், ராக்ஸி என்ற இரண்டு பெண் எதிரிகளுக்குப் பதிலாக பில்லி, சிட் என்ற இரண்டு பையன்கள். காரை நொறுக்கும் போனஸ் கட்டத்தில் சொந்தக்காரன் "ஓ மை காட்" என்று அழுவான் இல்லையா, அது "ஓ மை கார்" ஆனது. இந்த ஒன்றை மட்டும் நான் மன்னித்துவிடுவேன். அசலைவிடச் சிரிப்பு வருகிறது.

இப்போது சேகா சிடிக்கு வருவோம். முதல் பார்வையில் ஏமாற்றம் இங்கேதான். மெகா டிரைவ் ஒரே நேரத்தில் 64 நிறங்களைத்தான் காட்டும், அதோடு சிடி டிரைவைப் பூட்டினாலும் அது மாறாது. மெட்ரோ சிட்டி மழையில் நனைந்து காய்ந்த போஸ்டர் மாதிரி இருக்கும். தொடக்கக் காட்சியில் கதையைக் குரல் கொடுத்துப் பேசியிருக்கிறார்கள், பள்ளி ஆண்டு விழா நாடகம் தேவலை.

ஆனால் பொத்தானை அழுத்திய பிறகு எதுவும் காணாமல் போகவில்லை. கை இருக்கிறார், சுவரில் கால் வைத்து எகிறித் தாக்குகிறார். தொழிற்சாலை இருக்கிறது. ரொலென்டோ வெடிகுண்டை எறிகிறார். இரண்டாவது கன்ட்ரோலரைச் செருகினால் நண்பன் உள்ளே வந்துவிடுவான். கும்பல் ஆர்கேட் அளவுக்கு இல்லை என்றாலும் சூப்பர் நின்டெண்டோவைவிட நெருக்கமாகவே வருகிறது. எறிந்தால் மூன்று பேர் விழுகிறார்கள், ஆட்டம் திரும்ப வந்துவிட்டது என்று அப்போது தெரியும். இசையை சிடிக்காகப் புதிதாக அமைத்திருக்கிறார்கள், ஆர்கேடில் கேட்டதைவிட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. டைம் அட்டாக் என்று அசலில் இல்லாத ஒரு முறையும் கூடுதல்.

மூன்று வருடம் கழித்து, அமெரிக்காவில் 299 டாலருக்கு இறங்கிய துணைக்கருவியில் வந்ததை ஒரு மாதக் குழந்தைக் கன்சோலோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்பீர்கள். பணக் கணக்கில் நியாயமில்லைதான். மெகா டிரைவையும் சேர்த்து வாங்கினால்தான் அந்தச் சிடி சுழலும். ஆனாலும் நான் ஒப்பிடுவது விலையை அல்ல, எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று முடிவெடுத்த விதத்தை. சேகா நிறத்தை விட்டுக்கொடுத்து ஆட்களை வைத்துக்கொண்டது. கேப்காம் தன் சொந்த ஆட்டத்திலேயே ஆட்களை விட்டுவிட்டு நிறத்தை வைத்துக்கொண்டது. இன்றைக்கு இரண்டில் ஒன்றை ஆடச் சொன்னால் யோசிக்காமல் சேகா சிடியைத்தான் போடுவேன்.

கேப்காமுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். 1992இல் ஜப்பானில் ஃபைனல் ஃபைட் கை என்று இன்னொரு கார்ட்ரிட்ஜை விற்றார்கள். கையைச் சேர்த்த கையோடு கோடியை எடுத்துவிட்டார்கள். கை வந்தது, கோடி போனது. தொழிற்சாலை அப்போதும் வரவில்லை, இரண்டாவது ஆளும் வரவில்லை. அமெரிக்காவில் இது 1994இல் வாடகைக்கு மட்டும் கிடைத்தது. ஒரே ஆட்டத்தின் மூன்று நாயகர்களையும் வைத்திருக்க ஆசைப்பட்ட ஜப்பானியச் சிறுவன் இரண்டு கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டும், அப்போதும் அவர்கள் ஒரே தெருவில் நிற்க மாட்டார்கள். நின்டெண்டோ கருவி ஒன்றில் மூவரும் ஒன்றாக நின்றது 2001இல், சட்டைப்பையில் போகும் கேம் பாய் அட்வான்ஸில். ரொலென்டோவும் அங்கே காத்திருந்தார், கேபிளால் இரண்டு கருவிகளை இணைத்தால் நண்பனும் கூட வரலாம்.