குளூட்டன் இல்லாத சாப்பாடு: பாக்கெட்டா, அரிசியா, சிறுதானியமா?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை (கோதுமை மாதிரி ஒரு தானியம்) மூன்றிலும் உள்ள புரதம். அதைச் சாப்பிட்டால் சிறுகுடல் பாதிக்கப்படுவதுதான் சீலியாக் நோய். அது உறுதியானால் இந்த மூன்றையும் ஆயுசுக்கும் விட்டாக வேண்டும். மாத்திரை கிடையாது, சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான் வைத்தியம். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் பங்கேற்று 2016-ல் வெளியான ஆய்வின்படி, வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவருக்கும் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. மரபணு வாய்ப்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். தட்டில் விழும் கோதுமையின் அளவில்தான் பெரிய வித்தியாசம். நம் ஊரில் அரிதாக இருப்பதால் கடைக்காரருக்கும் ஓட்டல்காரருக்கும் இதைப் புரியவைப்பதே பெரும்பாடு.

முதலில் பாக்கெட் சரக்கு. 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது விதி. அந்த உத்தரவாதத்துக்குத்தான் சாதாரண ரொட்டியைவிடப் பல மடங்கு காசு. உள்ளே என்ன? பெரும்பாலும் அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், சோள ஸ்டார்ச், ஒட்டிப்பிடிக்க ஒரு பிசின். நார்ச்சத்து குறைவு, பல பிஸ்கட்டுகளில் சர்க்கரை தாராளம். ரயில் பயணத்துக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் சரி. தினசரிக்கு வேண்டாம் என்பேன்.

அரிசிச் சமையலுக்கு அந்தச் செலவே இல்லை. இட்லி, இடியாப்பம், புட்டு, அடை என்று டிபன் பட்டியலில் பாதி இயல்பாகவே குளூட்டன் இல்லாதது. ஆனால் ஓட்டைகள் உண்டு. கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலப்பது வழக்கம். டப்பாவைத் திருப்பிப் பார்க்காமல் சாம்பாரில் போடக்கூடாது. மால்ட் பானங்களில் பார்லி. சோயா சாஸில் கோதுமை. ஓட்டலிலோ ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வரும். வீட்டிலும் சப்பாத்திக்கு ஒரு கல், தோசைக்கு ஒரு கல் என்று பிரித்தே ஆகவேண்டும்.

சத்து என்று பார்த்தால் கேழ்வரகு, கம்பு, தினைதான் முன்னால் நிற்கும். சிக்கல் மாவு மில்லில். முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். அதே எந்திரத்தில் உங்கள் கேழ்வரகு விழும். பக்கெட்டில் இறங்கும் முதல் இரண்டு பிடி மாவு வெளுப்பாக இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த இரண்டு பிடியை ஒதுக்கினாலும் மிச்சம் சுத்தம் என்று சொல்ல முடியாது. தானியமாக வாங்கி, பொறுக்கி, கழுவிக் காயவைத்து, வீட்டு மிக்சியில் அரைப்பதே பத்திரம். கடையில் விற்கும் சத்துமாவில் கோதுமையும் பார்லியும் சகஜம், அதைத் தொடவே வேண்டாம்.

ஆக, என் வரிசை: தினமும் அரிசி, வாரத்தில் சில நாள் வீட்டில் அரைத்த சிறுதானியம், வெளியூர் போனால் பாக்கெட்.

இதெல்லாம் நோய் உள்ளவர்களுக்கு. உடம்பு இளைக்க இந்த பாக்கெட்டை வாங்குவது வீண்செலவு. கலோரி ஒன்றும் குறையாது. சப்பாத்தி தின்றால் வயிறு உப்புகிறது என்பவர்களில் சிலருக்குக் காரணம் குளூட்டனே இல்லை, கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடர். சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அப்புறம் மருத்துவர் மறுபடி சில வாரம் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்.